தண்ணீர் பழகும் வரை

மகன் படியிறங்கிப் போகும் சத்தம் முழுவதுமாக அடங்கிய பிறகுதான் அவள் அந்த இறாலைக் கையில் எடுத்தாள். சமையலுக்கு உரித்ததில் ஒன்றை ஒதுக்கி ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து மூடி வைத்திருந்தாள். கூடத்துக்கு வந்து, மீன்தொட்டியின் மேல்மூடிக் கண்ணாடியை ஓசைப்படாமல் நகர்த்தி, பின்பக்கம் மோட்டார் இருக்கும் கறுப்புத் தடுப்புக்குள் அதைப் போட்டாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. இருந்தும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் செய்தாள். பிறகு சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, முகர்ந்து பார்த்து, மறுபடியும் கழுவிவிட்டுத் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். யாருடைய கால்சட்டையோ இடுப்புப் பிரிந்து கிடந்தது. ஊசியில் நூல் கோக்க வரவில்லை.

தொட்டியில் இன்னும் மீன் இல்லை. உப்புக் கரைத்த தண்ணீர், வெள்ளை மணல், ஓட்டை ஓட்டையாகச் சில பாறைகள், ஓயாத மோட்டார் முனகல், அவ்வளவுதான். மகன் கார் கண்ணாடி மாற்றும் கடையில் வேலை பார்க்கிறான். இந்தத் தொட்டியின் கண்ணாடியை அவனே வெட்டி, அவனே ஒட்டினான். மூலைகளில் பசை இழைகூட வெளியே வழியவில்லை. அவ்வளவு பொறுமை அந்தக் கைகளுக்குள் இருந்தது அவளுக்கு அதுவரை தெரியாது.

இதற்கு முன்னால் ஒரு தொட்டி இருந்தது. அது கடையில் வாங்கியது. தண்ணீர் ஊற்றிய அன்றே மீன்களையும் விட்டுவிட்டான். விடிந்தபோது அவை மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மஞ்சள் நிறத்தில் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு கண்ணால் கூரையைப் பார்த்துக்கொண்டு மிதந்தது. அவன் குனிந்து வெகுநேரம் பார்த்தான். நிமிர்ந்தபோது அந்த முகம் வந்துவிட்டிருந்தது.

“எதக் கொட்டுன?”

“நான் கிட்டயே போகல கண்ணு.”

“அப்ப அதுங்களே தூக்கு மாட்டிக்கிச்சா?”

அவளுடைய தலை தையல் இயந்திரத்தின் இரும்பில் மோதியது. அடுத்து அவன் சுத்தியலை எடுத்து வந்து தொட்டியில் இறக்கினான். தண்ணீர் சுவர்போல் வந்து அவளைத் தள்ளியது. எழுந்திருக்கும் முன்பே தலைமுடியைப் பற்றிக் கண்ணாடித் துண்டுகளின் மேலேயே வாசல்வரை இழுத்துப் போனான். மருத்துவமனையில், தொட்டி சரிந்து விழுந்துவிட்டது என்றாள். உள்ளங்காலில் ஏதோ ஒரு துணுக்கு இன்னும் இருக்கிறது. இயந்திரத்தை மிதிக்கும்போதெல்லாம் குத்துகிறது. அன்று சாயங்காலம் அவன் அவள் மடியில் முகத்தைப் புதைத்து விக்கி விக்கி அழுதான். அந்த அழுகையில் பொய் இல்லை. அவளுக்குக் கஷ்டமே அதுதான். அடித்தவன் வேறு, அழுகிறவன் வேறு என்று அவள் பிரித்து வைத்துக்கொண்டாள். ஏதோ ஒன்று அவனுக்குள் காய்ச்சலைப்போல ஏறுகிறது, பிறகு இறங்கிவிடுகிறது. காய்ச்சலில் உளறும் பிள்ளையை எந்தத் தாய் விட்டுவிட்டுப் போவாள்? வேறு ஊரில் இருக்கும் மகளிடமும் இதையேதான் சொன்னாள்.

இரண்டாவது தொட்டியை நிறுத்தியபோது மீன்கடைக்காரர் வீட்டுக்கே வந்தார். குண்டான மனிதர். மூச்சு வாங்க மூச்சு வாங்கப் பேசினார்.

“தண்ணி பழகணும் தம்பி. பழகாம மீன விட்டா, அது தன் கழிவுலயே வெந்து சாகும். முதல்ல ஒரு செத்த இறாலப் போடுங்க. அது அழுகி விஷம் ஏறட்டும். அந்த விஷத்தத் தின்னுற கிருமி கண்ணுக்குத் தெரியாம தானா பெருகும். இந்தக் கண்ணாடிக் குழாய்ல தொட்டித் தண்ணிய எடுத்து இந்த மருந்த விட்டா, விஷம் இருந்தா பச்சை காட்டும். பச்சை போயி மஞ்சளா நிக்கணும். அதுவரைக்கும் நீங்க என் கால்ல விழுந்தாலும் ஒரு மீன் தர மாட்டேன்.”

“எவ்வளவு நாளாகும்ணே?”

“என்னைக் கேட்டா? தண்ணியக் கேளுங்க.”

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். அந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை அவள் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால் கலைந்துவிடும் என்று தோன்றியது. வேலை விட்டால் அவன் நேரே வீட்டுக்கு வந்தான். செருப்பைக் கழற்றிய கையோடு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மொண்டு, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பள்ளிக்கூடத்தில் படம் வரையும்போது செய்வதைப்போல நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு குலுக்கினான். ஜன்னல் வெளிச்சத்தில் வண்ண அட்டையோடு வைத்துப் பார்த்தான். “அம்மா, இங்க வந்து பாரேன்,” என்பான். அவள் போய்ப் பக்கத்தில் நிற்பாள். அவன் கை சட்டென்று உயர்ந்தால் அவளுடைய தோள் தானாகச் சுருங்கும். ஆனால் அந்தக் கை குழாயைத்தான் உயர்த்தியிருக்கும். ஊறிய இறாலை எடுத்தெறிந்த பிறகும் பச்சை கொஞ்ச நாள் நின்றது. பிறகு மெல்ல மெல்ல வெளுத்தது. ஒரு சாயங்காலம் குழாயில் ஏறக்குறைய மஞ்சள் தெரிந்தது.

“நாளைக்கு இன்னொரு தடவ பாத்துட்டு மீன் வாங்கிரலாம்மா!”

அன்று அவளால் சாப்பிட முடியவில்லை. மீன் வரும். வந்த மீன் என்றைக்காவது சாகும். அது செத்து மிதக்கும் காலையில் அவன் குனிந்து பார்ப்பான், பிறகு நிமிர்வான். எதக் கொட்டுன? அந்தக் கேள்வி அவள் காதுக்குள் இப்போதே கேட்டது. மறுநாள் காலை, தான் என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே, உரித்த இறாலில் ஒன்றை எடுத்துப்போய்த் தடுப்புக்குள் போட்டாள். குழாயில் பச்சை திரும்பியது.

“ச்ச. இன்னும் பழகலம்மா,” என்றான் அவன். அவ்வளவுதான் சொன்னான். தண்ணீரை யாரால் அடிக்க முடியும்?

மகள் தொலைபேசியில் கூப்பிட்டபோது, “இப்ப ரொம்ப அமைதியா இருக்கான்டி,” என்றாள்.

“அண்ணன் அமைதியா இல்லம்மா. அவனுக்கு வேற வேலை இருக்கு, அவ்வளவுதான். நீ கிளம்பி இங்க வந்துடு. உனக்குன்னு ஒரு ரூம் இருக்கு. தைக்கிறத இங்க தை.”

“மீன் வாங்குறான்டி. அதையும் பாத்துட்டு…”

“உன்னைத் திருத்தவே முடியாதும்மா.” மகள் தொலைபேசியை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.

போகப்போக ஒரு இறால் போதவில்லை. காலையில் போட்டால் சாயங்காலத்துக்குள் தண்ணீர் அதன் விஷத்தைத் தின்று தீர்த்துவிடுகிறது, குழாய் மஞ்சளாகவே நிற்கப் பார்க்கிறது. இரண்டாகப் போட்டாள். பிறகு ஒரு பிடி. கூடத்தில் லேசாக ஒரு வாடை நிற்கத் தொடங்கியது. ஊதுவத்தி கொளுத்தினாள். மகன் மூக்கை உறிஞ்சினான். விடுமுறையன்று மீன்கடைக்குப் போய்விட்டு வந்தவன், “உள்ள ஏதோ செத்துக் கிடக்காம். எல்லாத்தையும் கழட்டிப் பாக்கச் சொன்னாரு,” என்று சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான்.

அவள் தையலை நிறுத்தவில்லை. நிறுத்தினால் தெரிந்துவிடும் என்று ஒரே தையலின் மேல் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தாள். அவன் மோட்டாரை வெளியே எடுத்தான். தடுப்புக்குள் கையை விட்டான். கருத்துக் குழைந்துபோன சிலவற்றை எடுத்துக் காகிதத்தில் வைத்தான். கடைசியாக அன்று காலை போட்டவை வந்தன. வெள்ளையாக, உரித்த பளபளப்பு மாறாமல் இருந்தன. அவன் அவற்றைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். இயந்திரம் தானாக நின்றது.

அவன் கத்தவில்லை. மோட்டாரை அதன் இடத்தில் பொருத்தி, அது ஓடுகிறதா என்று பார்த்தான். மேல்மூடியை இழுத்து மூடினான். துண்டை எடுத்து விரல் விரலாகத் துடைத்துக்கொண்டான். எழுந்துவந்து அவள் முழங்கையைப் பிடித்தான்.

“இங்க வேணாம். தண்ணி அதிரும். உள்ள வா.”

சமையலறைக்குள் கொண்டுபோய் நிறுத்தினான். கரண்டிகள் வைக்கும் இழுப்பறையை முழுக்க வெளியே இழுத்தான்.

“எந்தக் கையால போட்ட?”

அவள் ஒரு கணம் யோசித்தாள். அந்த நிலையிலும் தன்னால் யோசிக்க முடிந்தது அவளுக்கே வியப்பாக இருந்தது. வலது கைதான் கத்திரி பிடிக்கும் கை. இடது கையை நீட்டினாள்.

அவன் அதை இழுப்பறைக்குள் வைத்து, தன் இடுப்பால் மோதிச் சாத்தினான். மறுபடியும் இழுத்தான். மறுபடியும் சாத்தினான். எலும்பு உடையும் சத்தம், ஈரச் சுள்ளியை ஒடிப்பதுபோல, அவளுக்கு வெளியே எங்கிருந்தோ கேட்டது. கரண்டிகள் குலுங்கின. அவள் வாயைத் திறந்தபோது அவன் உள்ளங்கையால் பொத்தி, “சத்தம் போடாத,” என்றான். பிறகு அவள் தரையில் கிடந்தாள். விலாவில் உதை விழுந்தது. ஒவ்வோர் உதைக்கும் அவள் மகனைப் பார்க்க முயன்றாள். இந்த முறை அந்த முகம் வந்திருக்கவில்லை. அது அவனுடைய சாதாரண முகமாகவே இருந்தது, குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் அதே முகம்.

அடுத்த நாட்களில் வலியைவிட அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை. அவன் மூடியைச் சாத்தினான். கையைத் துடைத்தான். கூடத்தைக் கடந்து அவளை நடத்திக் கூட்டிப் போனான். அவ்வளவு தூரமும் அந்தக் கோபம் அவன் சொன்னபடி கேட்டுக்கொண்டு கூடவே நடந்து வந்தது. அப்படியானால் இத்தனை வருடமும் அது அவன் சொன்னபடி கேட்டுத்தான் இருந்திருக்க வேண்டும். அவள் மடியில் புதைந்து அழுத தலையையும் அடித்த கையையும் இனிமேல் அவளால் பிரித்து வைக்க முடியவில்லை. இரண்டும் ஒரே ஆளாகக் கூடத்தில் உட்கார்ந்து ஈரமணலைச் சமன் செய்துகொண்டிருந்தன.

குழாயில் மஞ்சள் வந்து நின்றது. மீன்கடைக்குப் போய்விட்டு அவன் சிரித்துக்கொண்டே வந்தான்.

“கடைக்கார அண்ணன் விழுந்து விழுந்து சிரிக்கிறாரும்மா. இத்தனை இறால் போட்டதுல கிருமி எக்கச்சக்கமாப் பெருகிருச்சாம். இனி எத்தனை மீன் விட்டாலும் தாங்குமாம். நீ நல்லதுதான் பண்ணியிருக்க, போ. அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?”

கையில் காற்று நிரப்பிய பிளாஸ்டிக் பை. உள்ளே சுண்டுவிரல் நீளத்தில் ஒரு நீலமீன். பையை அவிழ்த்து ஒரு வாளியில் மீனோடு சாய்த்துவிட்டு, தொட்டியிலிருந்து மெல்லிய ரப்பர் குழாயை வாளிக்கு இறக்கினான். குழாயின் நுனியை இரண்டு விரல்களால் நசுக்கிப் பிடித்தான். தண்ணீர் ஒவ்வொரு சொட்டாக விழுந்தது.

“கொஞ்சம் கொஞ்சமாத்தான் சேக்கணும்மா. அவசரப்பட்டா அதிர்ச்சியில செத்துரும்.”

அவன் முதுகுக்குப் பின்னால் அவள் உள்ளறையிலிருந்து வந்தாள். கட்டுப் போட்ட கை மார்போடு சேர்ந்திருந்தது. தைத்த துணி கொண்டுபோகும் பை தோளில் தொங்கியது. அதில் இரண்டு மாற்றுத்துணியும் கத்திரியும் இருந்தன. தையல் இயந்திரத்தைக் கடக்கும்போது அதன் தலையை ஒருமுறை தொட்டாள். ஒரு கையால் தூக்கிக்கொண்டு போகக்கூடியதல்ல அது.

“எங்கம்மா?”

“துணி குடுத்துட்டு வரேன்.”

“ம்.” அவன் வாளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கதவ மெதுவா சாத்திட்டுப் போ. சத்தம் கேட்டா மீன் மிரண்டுரும்.”

அவள் கதவைச் சாத்தவில்லை. அகலத் திறந்தபடியே விட்டுவிட்டுப் படியில் கால் வைத்தாள். கீழேயிருந்து தெருவின் சத்தம் மேலேறி வந்தது. ஏதோ ஒரு வண்டி விடாமல் ஒலியெழுப்பியது. யாரோ ஒரு பெண் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் திறந்த கதவு வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. முதல் திருப்பத்தில் அவன் குரல் கேட்டது.

“அம்மா. கதவு.”

மீன் மிரளக்கூடாதென்று தணித்த குரல். குழாயை விட்டுவிட்டு எழுந்து வர முடியாதவனின் குரல். அவள் கைப்பிடியைப் பற்றி அடுத்த படியில் இறங்கினாள்.

“அம்மா,” என்றான் மறுபடியும், இன்னும் மெதுவாக. அதற்கும் கீழே இறங்கியபோது அந்தக் குரலோடு தெருச்சத்தம் கலந்துவிட்டது. அவள் இறங்கிக்கொண்டிருந்தாள்.