அத்தையின் இடது கை

வியாழக்கிழமை என் கை வீங்கியது. வெள்ளிக்கிழமை என் கல்யாணம் நின்றது. நடுவில் நடந்த கூத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது, கூடவே பல்லைக் கடிக்கவும் தோன்றுகிறது.

அது ஐம்பத்து நான்காம் வருஷம், ஆவணி மாதம். எனக்கு வயது இருபது. போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ராசிங்காபுரத்து அன்னக்கொடியின் மகன் கன்னையனுக்கு என்னைப் பேசி முடித்திருந்தார்கள். அவர் மலைமேல் இருக்கிற குரங்கணியிலிருந்து காய் மூட்டை இறக்கும் ஜீப்பு டிரைவர். எங்கள் கடை வாசலில் ஜீப்பை நிறுத்தியதும் ஹாரனை இரண்டு தடவை அடிப்பார். ஒன்று முதலாளிக்கு, இன்னொன்று எனக்கு. அது கடையில் எல்லோருக்கும் தெரியும், முதலாளியைத் தவிர.

கல்யாணத்துக்குப் பதிமூன்று நாள் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை, காசநோய்த் தடுப்பு ஊசிக்காரர்கள் கடைக்கு வந்தார்கள். ஊசி போட்டவர் ஜேசுதாஸ். இருபத்தைந்து வயதிருக்கும், பேச்சில் அப்படி ஒரு வேகம். எங்கள் பதினொரு பேரின் இடது முன்கையிலும் தோலுக்கடியில் ஒரு பொட்டு மருந்து ஏற்றினார்.

"இது சோதனை ஊசிதான். வியாழக்கிழமை வந்து பாப்பேன். தேய்க்கக் கூடாது, மஞ்சள் அப்பக் கூடாது" என்றார்.

வியாழக்கிழமை வந்தார். சிறிய அளவுகோல் ஒன்றை ஒவ்வொரு கையிலும் வைத்துப் பார்த்தார். மற்றவர்கள் எல்லோரும் பன்னிரண்டு, பதிமூன்று வயதுக் குமரிகள். கை சப்பையாக இருந்தது. அவர்களுக்குத் தோளில் வேறொரு ஊசி போட்டார். என் கையில் சிவந்து தடித்த வீக்கம். "பதினாலு மில்லிமீட்டர்" என்று குறித்துக்கொண்டு, "உனக்கு ஊசி வேண்டாம் தங்கச்சி. அந்தப் பக்கமாப் போ" என்றார். வெளியே வண்டிக்காரர் அவசரப்படுத்த, அடுத்த கடைக்குக் கிளம்பிவிட்டார்.

அவ்வளவுதான். அந்தப் பக்கமாகப் போ என்ற சொல் போதுமே. எங்கள் தொழிலில் நல்ல காய் முறத்திலேயே கிடக்கும். பூச்சி விழுந்தது, வெடித்தது, வெம்பியது, இவற்றைத்தான் எடுத்துத் தனியே போடுவோம். காலையிலிருந்து சாயங்காலம் வரை அதையே செய்கிற கண்கள் பத்து ஜோடி என்னைப் பார்த்தன. முறத்தில் பத்துக் காய், ஒதுக்கப்பட்டது ஒன்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொன்னுமணி தன் முறத்தை ஒரு சாண் தள்ளி வைத்துக்கொண்டாள். அவள் ராசிங்காபுரத்துக்காரி, தினமும் பஸ்சில் வந்து போகிறவள். சேதி அவளோடு அதே பஸ்சில் போய்ச் சேர்ந்தது.

விடிந்ததும் நிச்சயத் தாம்பூலத் தட்டு திரும்பி வந்துவிட்டது. கொண்டுவந்தவர் வீட்டுக்குள்கூட நுழையவில்லை. "டீபி புடிச்ச புள்ளையாம்ல. அன்னக்கொடி வேணாங்கிறா" என்று வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

எங்கய்யா காசிராஜன் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "அவுகளைக் குத்தம் சொல்ல முடியுமா ஆத்தா? உங்க ஆத்தா எதுல போனான்னு நமக்குத் தெரியாதா?"

மேலே ஏலத்தோட்டத்துக் கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், லயத்தில், என் ஆத்தா இருமி இருமிச் செத்தபோது எனக்கு ஏழு வயது. யாரும் கிட்டே வராததால் கஞ்சி ஊட்டினது நான், வாய் துடைத்தது நான். மலையை விட்டு இறங்கியதும் அய்யா எல்லோரிடமும் காய்ச்சலில் போனாள் என்றே சொல்லிவிட்டார். அப்புறம் அவள் பேரைக்கூட வீட்டில் எடுப்பதில்லை. அப்படியென்றால் நான் நிஜமாகவே பூச்சி விழுந்த காய்தானா? வெள்ளிக்கிழமை முழுக்க அழுதேன். சனிக்கிழமை காலையில் அழுகை தீர்ந்துபோய்க் கோபம் வந்தது. ஊசிக்காரர்கள் இன்றைக்கு ராசிங்காபுரத்தில் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பஸ் ஏறினேன்.

ஊர்ச் சாவடியில் கூட்டம். முதல் ஆளாகக் கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டு, எழுந்து நின்று சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள் அன்னக்கொடி. "எங்க வீட்டுல ஒருத்தர் இருமிக் கேட்டிருக்கீங்களா? நம்ம குடும்பம் சுத்தமான குடும்பம்."

நான் நேராக ஜேசுதாஸ் முன்னால் போய்க் கையை நீட்டினேன். "அண்ணே, என்னைய எதுக்கு ஒதுக்குனீங்க? எனக்கு டீபியா? இத்தனை பேருக்கு முன்னாடி சொல்லுங்க."

அவர் முழித்தார். "டீபின்னு யாரு சொன்னா? இருமல் இருக்கா? சாயங்காலம் காய்ச்சல் அடிக்குதா? உடம்பு இளைக்குதா?"

"ஒரு மூட்டை காயைத் தூக்கிட்டு மாடி ஏறுவேன்."

"அப்புறமென்ன?" என்றவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "இங்க யாராச்சும் தேவாரம் ஊர்ப் பக்கம் தோட்டக் காவலுக்குப் போயிருக்கீங்களா?"

நாலைந்து பேர் கையைத் தூக்கினார்கள்.

"யானை மொதத் தடவை வந்தா காவக்காரனுக்கு ஒண்ணும் புரியாது. வெள்ளாமையை மேஞ்சிட்டுப் போயிரும். ஆனா ஒருக்கா பாத்து விரட்டிட்டான்னு வைங்க, மறுதடவை வாடை வந்தாலே தகரத்தைத் தட்டி அத்தனை பேரையும் எழுப்பிருவான்ல? நம்ம ரத்தத்துலயும் காவக்காரங்க இருக்காங்க. இந்தத் தங்கச்சி உடம்புக்குள்ள எப்பவோ அந்தக் கிருமி வந்திருக்கு. காவக்காரங்க மறிச்சு மடக்கிப் போட்டிருக்காங்க. இப்ப நான் ஏத்தினது செத்த கிருமியோட சாறு, வெறும் வாடை. அதுக்கே ஓடியாந்து கூடிட்டாங்க. கையில வீங்கியிருக்கிறது தகரச் சத்தம், யானை இல்ல."

"அப்ப வீங்காதவுகளுக்கு?" என்று ஒருவர் கேட்டார்.

"அவங்க காவக்காரங்க இன்னும் யானையையே பாக்கல. அதான் சத்துக் கொறஞ்ச கிருமியைத் தோளுல போட்டுப் பழக்குறோம். அதுக்காக வீங்கினவங்க அசந்திருக்கவும் கூடாது. காவக்காரனும் ஒருநாள் தூங்குவான். இருமல் விடாம வாங்குச்சுன்னா வெரசா ஆஸ்பத்திரிக்கு வந்திரணும்."

ஏழு வயதில், ஆத்தாவுக்குக் கஞ்சி ஊட்டிய அந்த நாட்களில், எனக்கே தெரியாமல் என் நெஞ்சுக்குள் ஒரு சண்டை நடந்து நான் ஜெயித்திருக்கிறேன்! அதை யாரும் என்னிடம் சொல்லவில்லையே! பதிமூன்று வருஷமாக என் காவல்காரர்கள் அதை மறக்காமல் வைத்திருக்கிறார்கள். சந்தோஷத்தில் அந்த இடத்திலேயே கத்த வேண்டும் போலிருந்தது.

அன்னக்கொடி மசியவில்லை. "தகரமோ டமாரமோ! எங்க கையில ஒண்ணும் வராது. செவ்வாக்கெழமை வந்து பாரு."

"வர்றேன். வீங்கலேன்னா இந்த ஊர்ப் பக்கமே திரும்ப மாட்டேன். வீங்குச்சுன்னா?" என்றேன் நான்.

"வீங்குச்சுன்னா நானே தட்டைத் தூக்கிட்டு உங்க வீட்டுக்கு வர்றேன்டி!"

ஊரே கேட்டது. பஸ் ஏறும்போது ஜேசுதாஸ் பின்னாலேயே ஓடிவந்தார். "தங்கச்சி, அவசரப்பட்டுட்டியே. எல்லாருக்கும் வீங்கும்னு இல்ல. அந்தம்மாவுக்கு வீங்காமலும் போகலாம்." என் வாயை நானே அடித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை கடை வாசலில் ஹாரன் ஒரே தடவை அடித்தது. மூட்டையை இறக்குகிற சாக்கில் கன்னையன் பக்கத்தில் வந்து நின்றார். "ஆத்தா சொல்லை என்னால தட்ட முடியல வள்ளி."

"ரெண்டாவது ஹாரனுமா அடிக்க முடியல?"

அவர் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். அவரும் சனிக்கிழமை ஊசி போட்டிருந்தார். ரெண்டு நாளாகியும் கை சப்பையாக, பளபளவென்று இருந்தது. மகன் கை இப்படியென்றால் தாய் கை? அன்றைக்கு நான் பொறுக்கிய முறத்தில் நல்லதும் கெட்டதும் கலந்து கிடந்து முதலாளியிடம் திட்டு வாங்கினேன்.

செவ்வாய்க்கிழமை சாவடியில் எள் போட்டால் கீழே விழாத கூட்டம். ஜேசுதாஸ் அளவுகோலை வைக்க வைக்க ஊர் சத்தம் போட்டது. "பத்து!" "பதினாறு!" "பன்னெண்டு!" முப்பது நாற்பது வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு மேல் வீக்கம். மூன்று நாளைக்கு முன்னால் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டவர்கள், இப்போது யார் தகரம் பெரிய தகரம் என்று கையோடு கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொன்னுமணியின் அப்பா மலைச்சாமிக்குப் பதினேழு. அவள் மூஞ்சியைப் பார்க்க வேண்டுமே!

அன்னக்கொடி மட்டும் வரவில்லை.

"வாங்கண்ணே" என்று ஜேசுதாஸை இழுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தேன். ஊர் பின்னால் வந்தது. அவள் அடுப்படி வாசலில் நின்றாள். இடது கை முந்தானைக்குள் இருந்தது.

"எனக்குச் சோலி கெடக்கு. போங்க எல்லாரும்."

சுண்ணாம்பு வாடை அடித்தது. எனக்குப் புரிந்துவிட்டது. என் கையும் அப்படித்தானே பாடாய்ப் படுத்தியது. மெதுவாகக் கேட்டேன். "அத்தை, ரொம்ப அரிக்குதா?"

"கண்ண மூட விடலடி" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

முந்தானை விலகியது. கைமேல் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து அப்பியிருந்தது. ஜேசுதாஸ் பஞ்சால் துடைத்து அளவுகோலை வைத்தார்.

"பதினெட்டு."

நான் குதித்தேன். வெட்கமென்ன, நிஜமாகவே குதித்தேன்! ஊர் ஓவென்று கத்தியது. அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர்.

"நான் செத்துப்போவேனா?" என்று என்னிடம் கேட்டாள், ஜேசுதாஸிடம் இல்லை.

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "அவர் சொன்னதை நீங்க கேக்கவே இல்லையா அத்தை? இது யானை இல்ல, தகரச் சத்தம். நீங்க எப்பவோ ஜெயிச்சுட்டீங்க. நோயில கெடந்த யாரு பக்கத்துல இருந்தீங்க?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் தம்பி. மொக்கச்சாமி. மேல தோட்டத்துல ரத்தமா வாந்தி எடுத்து, என் மடியிலதான் போனான். பாறையில இருந்து விழுந்துட்டான்னு ஊருக்குச் சொன்னோம்."

"எங்க ஆத்தாவுக்கு நான்தான் கஞ்சி ஊட்டுனேன் அத்தை. நாங்க காய்ச்சல்னு சொன்னோம்."

அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன். யாரும் ஒரு அடிகூடத் தள்ளி நிற்கவில்லை. இரண்டு கைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, பதினாலும் பதினெட்டும். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கன்னையன்!" என்று ஜேசுதாஸ் கூப்பிட்டு அவர் கையையும் பார்த்தார். "சப்பை. தோளுல ஊசி."

குரங்கணி வளைவுகளில் கண்ணை மூடிக்கொண்டு ஜீப்பு ஓட்டுவேன் என்று அளக்கிற மனுஷன், ஊசியைப் பார்த்ததும் வாசலில் நின்ற ஜீப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். "நமக்கெல்லாம் எதுக்குண்ணே? உடம்பு இரும்பு!"

"பிடிடி அவனை!" என்றாள் அன்னக்கொடி. நான் ஒரு கை, அவள் ஒரு கை. ஊர் சிரித்த சிரிப்பில் கூரைப் புறாக்கள் பறந்துபோயின.

புதன்கிழமை காலையில் எங்கள் தெருவில் ஹாரன் கேட்டது. ஒன்று. கொஞ்சம் பொறுத்து, இரண்டு. தாம்பூலத் தட்டோடு அன்னக்கொடி இறங்கினாள். எங்கய்யா எழுந்து நின்று வேட்டியைச் சரிசெய்துகொண்டே இருந்தார். அவள் தட்டை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"கல்யாணத்துக்கு முந்தி செத்தவுகளுக்கு இலை போட்டுக் கும்புடணும்ல. என் தம்பிக்கு இதுவரைக்கும் போட்டதில்ல. போட்டா எதுல போனான்னு கேப்பாங்கன்னு பயம். இந்தத் தடவை போடுறேன். உங்க வீட்டுக்காரிக்கும் சேத்துப் போடுவோம். பேரு என்ன?"

எங்கய்யா தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

"சோலையம்மா."