சுவரேறும் விரல்கள்

மத்தியானத்தில் என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்து நின்று விரல்களை மேலே நடக்கவிடுவார். ஆள்காட்டி விரல், நடுவிரல், மறுபடி ஆள்காட்டி விரல். பூனை படியேறுவதுபோல. தையல் மெஷினில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குக் கண் சொருகும். திரைச்சீலை உப்பி அடங்கும். துணி எது, திரை எது, அவர் கை எது என்று பிரியாத ஒரு மயக்கம். அந்த மயக்கத்தில் ஒரு தலையணை உறையை நாலு பக்கமும் தைத்து மூடிவிட்டேன். கேட்டால் அதற்கும் அவர் தோள்தான் காரணம் என்பேன்.

அவர் பெயிண்டர். சீலிங் அடிப்பதில் கெட்டிக்காரர். உயரமான ஆள் என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் 'ஏணி' என்பார்கள். வலது தோள் இறுகிப்போய், கை காதுக்கு மேலே வரமாட்டேன் என்றதிலிருந்து வீட்டில் இருக்கிறார். பிசியோ அம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் செய்தார். குனிந்து கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது, முதுகுக்குப் பின்னால் துண்டை இழுப்பது, கடைசியில் சுவர். விரல் எட்டிய இடத்தில் என் சாக்பீஸால் ஒரு கோடு. கோடு ஏற ஏற மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கட்கிழமை ஒரு பெரிய மண்டபத்தின் சீலிங். கை தூக்க முடிந்தால் வா, இல்லாவிட்டால் வேறு ஆளை ஏற்றிவிடுவேன் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். சனிக்கிழமை கோடு இன்னும் மேலே போனது. சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார். கை தவறி விழுந்த சாக்பீஸை எடுக்க நான் குனிந்தேன். அவருடைய குதிகால்கள் தரையில் இல்லை.

ஏணியை நகர்த்தச் சோம்பல்பட்டு, எட்டாத மூலையை எம்பி எம்பி அடித்தே பழகிய உடம்பு. அவருக்கே தெரியாமல் எம்புகிறது. கோடு ஏறியதே தவிர தோள் ஏறவில்லை. சொன்னால் அந்தச் சிரிப்பு போய்விடும். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை சாரத்தின் மேலே பலகை விளிம்பில் அப்படித்தான் நிற்பார். பொல்லாத கோபம் வந்தது. அவர்மேலா, மேஸ்திரிமேலா என்றுதான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அவர் பாதங்கள்மேல் ஏறி நின்றேன். வயசு திரும்புதா என்று கேலி செய்தார். விரலை ஏற்றச் சொன்னேன். தரையைத் தொடாமல் நிற்பது விநோதமாக இருந்தது. அவர் மூச்சு விட்டபோதெல்லாம் நானும் மெல்ல அசைந்தேன்.

விரல்கள் என் காதைத் தாண்டி, உச்சந்தலைக்குச் சற்று மேலே வந்து நின்றன. உடம்பு எம்பப் பார்த்தது. என் கனம் விடவில்லை. கோடுகளெல்லாம் எங்கோ மேலே இருந்தன.

அவர் குனிந்து கால்களைப் பார்த்தார். "எப்பலேருந்து தெரியும்?"

"நேத்துலேருந்து."

முகம் சுண்டிப்போனது. எனக்கு அழுகை முட்டியது.

"வேலை போனா போகட்டுங்க. நீங்க விழுந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?"

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். பிறகு அவர் இடது கையால் போனை எடுத்து, திங்கட்கிழமை வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்படி மேஸ்திரியிடம் சொன்னார். போனைப் பைக்குள் போட்டதும் நான் இறங்கப் போனேன்.

"காலை எடுக்காத," என்றார்.

விரல்கள் மறுபடியும் கீழேயிருந்து கிளம்பின.