அப்பாவின் பயத்தைப் பெட்டி சொல்லிவிட்டது

நம் குடும்பக் குரூப்பில் நீங்கள் எல்லோரும் 'படபடப்பு' என்று கூப்பிடும் சின்னவன் நான்தான். வயது இருபத்து நான்கு. இப்போது ஓட்டலின் சலவை அறையில், படுக்கை விரிப்புகளுக்கு நடுவில் நிற்கிறேன். கை ஈரம். அதனால் வாயால் சொல்லியே போனில் எழுதுகிறேன்.

அப்பாவுக்குக் கண்ணில் புரை. ஆபரேஷனுக்கு வரமாட்டேன் என்கிறார். அதனால் அம்மா அவரோடு பேசுவதில்லை. இது உங்களுக்குத் தெரியும். நான் வாங்கி அனுப்பிய, சொன்னதைச் சொன்ன நேரத்தில் திருப்பிச் சொல்லும் பேசும் பெட்டி வழியாக இருவரும் சண்டை போடுவது தெரியாது. பெட்டி என் கணக்கில் ஓடுகிறது. அவர்கள் அதில் சொல்லி வைக்கும் நினைவூட்டல் எல்லாம் என் போனிலும் வந்து விழும்.

"அந்த மனுஷன்கிட்ட சொல்லு, உப்பு டப்பாவுல சோப்புத்தூளைக் கொட்டினது அவர்தான்."

"அவகிட்ட சொல்லு, டீவியில வர்றது யாருன்னு எனக்கு நல்லாவே தெரியுது."

"அது டீவி இல்ல, ஜன்னல்னு சொல்லு."

கூட வேலை செய்யும் அண்ணன், "யாருடா அது, விடாம அடிக்குது?" என்றார்.

"எங்க வீட்டுப் பார்லிமென்ட்ணே."

நேற்று அப்பா ஒன்று சொல்லி வைத்தார்: "சாயங்காலம் ஆறு மணிக்கு, அவ நடக்கப் போன பிறகு, ஞாபகப்படுத்து. ஆபரேஷன் நடுவுல கண்ணை அசைச்சிட்டா என்ன ஆகும்னு டாக்டர்கிட்ட கேக்கணும். எனக்குப் பயமா இருக்குன்னும் சொல்லணும்."

கொஞ்ச நேரத்தில் அம்மாவுடையது வந்தது: "பக்கத்து வீட்டுக்குச் சொல்லணும். முட்டி வலி, இன்னைக்கு நடக்க வரல."

ஆறு மணிக்குப் பெட்டி அம்மா முன்னாலேயே எல்லாவற்றையும் போட்டு உடைக்கும்! அழிக்க ஒரு தட்டு போதும். விரலை வைத்தேன். ஆனால் அப்பாவுக்கு இருப்பது பிடிவாதம் என்றுதானே அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார்? விரலை எடுத்துவிட்டேன்.

ஆறு தாண்டியது. போன் ஊமையாகக் கிடந்தது. மடித்த விரிப்பையே பிரித்துப் பிரித்து மடித்தேன். கடைசியில் ஒன்று வந்தது. அம்மா சொல்லி வைக்கும்போதே அப்பா நடுவில் புகுந்திருந்தார். பெட்டி இருவர் பேச்சையும் பிடித்திருந்தது.

"செவ்வாய்க்கிழமை காலையில கண் ஆஸ்பத்திரிக்குப் போகணும், ரெண்டு பேரும். ஏங்க, நானும் உள்ள வந்து பக்கத்துலயே நிக்கிறேன்."

"உன்னை உள்ள விடமாட்டாங்கடி."

"விடாம எங்க போவாங்க?"

ஏங்க! அந்த ஒரு வார்த்தையைப் பார்த்ததும் துணி மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு லீவு கிடைக்காது. அவருக்குக் கண் தெரியாது, இவருக்கு முட்டி மடங்காது. இதை யார் முதலில் படித்தாலும் சரி, செவ்வாய்க்கிழமை அவர்களோடு கூடப் போங்கள்.