இருநூறாவது ஆட்டத்துக்கு முன் ஐந்து சொற்கள்

1

இந்தக் கதை ஒரு பசைவாளிக்குப் பக்கத்தில் பிறந்தது. எங்கள் ஃபுட்டி, அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்து, கிளப் வீரர்கள் கிழித்துக்கொண்டு மைதானத்துக்குள் ஓடிவரும் காகிதத் திரையை ஒட்டுகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. வியாழன் சாயங்காலம், ரீஸ் பென்ஹாலின் இருநூறாவது ஆட்டத்துக்காக '2'-ஐ ஒட்டிக்கொண்டிருந்தபோது, அவன் மனைவி டெஸ் என் காதோரம் வந்தாள்.

"ஒண்ணு சொல்றேன். எழுதித் தொலைச்சிடாத."

எழுதுகிறவளிடம் சொல்கிற பேச்சா இது?

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'முழங்கால் இரண்டிலும் தழும்போடு அந்த மாவீரன்—'

வேண்டாம். ரீஸ் மாவீரன் இல்லை. பதினாலு வருஷமாக எதிரணி நட்சத்திரத்தின் சட்டையைப் பிடித்துக்கொண்டே ஓடியவன். தப்பித் தவறி கோல் போட்டுவிட்டால் அவனுக்கே சிரிப்பு வந்துவிடும். எனக்கு அவனைப் பிடிக்கும்.

3

நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் ஒருவனுடைய முழங்கால் ரீஸின் தலையில் இடித்தது. ஒன்றுமில்லை என்று சாதித்தான். டாக்டர் விடவில்லை, வெள்ளிக்கிழமை காலை ஞாபகச் சோதனை என்று சொல்லிவிட்டார். ஐந்து சொல் படிப்பார், கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும்.* தேறாவிட்டால் சனிக்கிழமை ஆட முடியாது. அதுதான் சீசனின் கடைசி ஆட்டம். அடுத்த வருஷத்துக்கு அவனுக்கு ஒப்பந்தமும் இல்லை.

(*பிப்ரவரியில், சீசன் தொடங்கும் முன், அடிபடாத தலைக்கும் இதே சோதனை உண்டு. பிறகு அதோடுதான் ஒப்பிடுவார்கள். அதனால் ரீஸ் அன்று வேண்டுமென்றே சொதப்பி, மூன்றே சொல் சொன்னான். கெட்டிக்காரன்தான், போங்கள்.)

4

வியாழன் காலை, சமையலறையில் டெஸ் ஒத்திகை பார்த்தாள். குடை, வெண்ணெய், ஏணி, கம்பளி, ஆணி. படித்துவிட்டு அவனுக்கு ரொட்டி வாட்டப் போனாள்.

"இப்ப சொல்லு."

"குடை. ஏணி. கம்பளி. ஆணி."

"அப்புறம்?"

"நாலு போதும்டி. பிப்ரவரில மூணுதான? அடிபட்டதுக்கப்புறம் மூளை ஜோராயிடுச்சு பாரு!"

"போதுமான்னு கேக்கலடா. அஞ்சாவது என்ன?"

அவன் மேசையைப் பார்த்தான். அவள் கையைப் பார்த்தான். அவள் அதைத்தான் ரொட்டியில் தடவிக்கொண்டிருந்தாள்.

"தெரியல, டெஸ்," என்று ரொட்டியை வாங்கிக் கடித்தான்.

(எழுதுகிறவள் நான்தான். ஆனாலும் இங்கே எனக்குப் பயம் வந்துவிட்டது.)

5

முடிவு ஒன்று: சனிக்கிழமை நாங்கள் ஒட்டிய '200'-ஐக் கிழித்துக்கொண்டு ரீஸ் ஓடிவருகிறான், கூட்டமே எழுந்து நின்று— இந்த வரியை அடித்துவிட்டேன். அவன் தலையில் விழப்போகும் அடுத்த இடியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முடிவு இரண்டு: டெஸ் டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறாள். ரீஸ் அன்றிலிருந்து அவளோடு— இதையும் அடித்தேன்.

"நீயா இருந்தா என்ன பண்ணுவ?" என்று கேட்டாள் டெஸ். '2'-இன் வால் சரியாக ஒட்டவில்லை என்று நான் குனிந்துகொண்டேன்.

நாளை அவன் நாலு சொன்னாலே டாக்டர் விட்டுவிடுவார். ஐந்தாவது விட்டுப்போனது அவனை விட்டால் டெஸ்ஸுக்கும் எனக்கும்தான் தெரியும். மேலே பார்க்காமல் அந்தச் சொல்லைச் சொல்லுங்கள்.

வந்துவிட்டதா? அப்படியானால் இப்போது உங்களுக்கும் தெரியும். சோதனை காலையில். போன் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.