வலி தேடி வந்தவர்

எங்கள் வீட்டுக்கு ஒரு சினிமா இயக்குநர் வலி தேடி வந்தார். புலம்பெயர்ந்த குடும்பங்களின் வலியைப் படமெடுக்கிறாராம். என் மனைவி வீட்டைத் துடைத்து, சோபாவுக்குப் புது உறை மாட்டி வைத்திருந்தாள். வந்ததும் உறையை உருவச் சொன்னார். அலமாரி மேல் கிடந்த பெட்டிகளை இறக்கி, கூடத்தின் நடுவே வைக்கச் சொன்னார். என்னை ஜன்னலருகே நிறுத்தி, "தூரத்துல எதையோ தொலைச்ச மாதிரி பாருங்க சார்" என்றார். பார்த்தேன். என் கார் நிற்கும் இடத்தில் மாடிவீட்டுக்காரன் தன் வண்டியைச் செருகிக்கொண்டிருந்தான்.

"அந்த முகம்! அதேதான், அசையாதீங்க!"

பிறகு இடைவேளை என்று சொல்லிவிட்டு சிகரெட் பிடிக்கக் கீழே போனார். வினை அப்போதுதான் வந்தது. பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் கேமராவும் ஓய்வெடுக்கும் என்று நினைத்தாள் என் மனைவி. துப்பட்டாவில் குத்தியிருந்த மைக்கையும் மறந்துபோனாள். பாத்திரம் கழுவிக்கொண்டே என் அக்காவை நடித்துக் காட்ட ஆரம்பித்தாள்.

பாத்திரம் கழுவும் நேரம் வந்தால் மட்டும் என் அக்காவுக்குத் தலை சுற்றும். புறங்கையை நெற்றியில் வைத்து, சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிவிடுவாள். மனைவி அச்சு அசலாக அப்படியே சாய்ந்தாள். "எனக்கு என்னமோ பண்ணுது தம்பி... சாப்பாடு மட்டும் இன்னும் கொஞ்சம் வை." விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து நிமிர்ந்தால், கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அக்கா அடுத்த தெருவில் இருக்கிறாள். நான் பேருந்து ஓட்டப் போய், இவளும் மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்குப் போய்விட்டால், மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து சோறு போடுவது அவள்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால், எங்களில் ஒருவர் வேலையை விட வேண்டியதுதான்.

மனைவி இயக்குநருக்குப் போன் போட்டுக் கெஞ்சினாள். "அந்த ஒரு இடத்த மட்டும் எடுத்துடுங்க தம்பி."

"உண்மையை வெட்ட எனக்கு உரிமை இல்லக்கா" என்றார் அவர். மேடையில் பேச வைத்திருந்ததைப் போனிலேயே பேசிவிட்டார்.

திரையிடலுக்கு அக்கா எங்களுக்கு முன்பே வந்து நடு வரிசையைப் பிடித்திருந்தாள். "நம்ம வீட்டுப் படம்ல!"

விளக்கு அணைந்தது. திரை முழுக்க என் முகம். மாடிவீட்டுக்காரனை மனசுக்குள் திட்டிய அந்த முகத்தைப் பார்த்து யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அடுத்து சமையலறை. மனைவியின் நகம் என் கையில் இறங்கியது. திரையில் அவள் பக்கவாட்டு முகம், குழாய்த் தண்ணீர். வாய் அசைந்தது. வந்ததென்னவோ வயலின். ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. என் சிரிப்பையும் சேர்த்து வயலின் விழுங்கிவிட்டது. புறங்கை நெற்றிக்குப் போக, உடம்பு சுவரில் சாய, அரங்கமே உச்சுக்கொட்டியது. நகம் மெல்லக் கழன்றது. எனக்கு மூச்சு வந்தது.

வெளியே இயக்குநரை மடக்கினேன். "உண்மைய வெட்ட மாட்டேன்னீங்களே?"

நெளிந்தார். "அந்த எடத்துல நீங்க ரெண்டு பேரும் ரொம்ப சந்தோஷமா இருந்துட்டீங்க சார். படம் தாங்காது."

அதற்குள் அக்கா கண்கள் சிவக்க வந்து என் மனைவியைக் கட்டிக்கொண்டாள். "இவ்வளவு பாரத்த மனசுல வச்சிக்கிட்டா பாத்திரம் கழுவுற? பாத்ததுலேர்ந்து எனக்குத் தலையே சுத்துது." சொன்னபடியே புறங்கையை நெற்றியில் வைத்துச் சுவரில் சாய்ந்தாள். நான் கூரையில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன்.

"யார நெனச்சும்மா அப்படிச் சாஞ்சு நின்னே? உங்க அம்மாவையா?"

"இல்ல அண்ணி" என்றாள் மனைவி, ஒரு சொட்டுப் பொய் கலக்காமல். "உங்களத்தான்."

அன்று எங்கள் வீட்டில் சாப்பிட்ட அக்கா, எங்களைத் தள்ளிவிட்டு, தலை சுற்றாமல் எல்லாப் பாத்திரங்களையும் கழுவினாள். அதைப் படமெடுக்கத்தான் ஆளில்லை.