பந்தயத்தில் ஓடாத தகரம்

பெரியம்மாள் கடத்தூரிலிருந்து பஸ் ஏறித் தருமபுரிக்கு வந்து பட்டறைக்குள் நுழைந்தபோது, அப்துல் சுபான் ஒரு லாரி கேபினுக்குத் தகரம் வெட்டிக்கொண்டிருந்தார். 1986ஆம் வருஷம், பங்குனி வெயில்.

"பாய், நாளைக்கு பெங்களூர்லருந்து ஒருத்தர் வண்டியப் பாக்க வர்றாருங்க. நீங்க கூட இருக்கணும்."

"வந்துடறேம்மா. ஸ்டார்ட் பண்ணிக் காட்டணும், அவ்வளவுதானே?"

அவள் தயங்கினாள். "கம்பெனியில வந்த பாடிதான்னு கடிதாசுல எழுதிட்டேன். கேட்டா நீங்களும் ஆமான்னு சொல்லிடுங்க. ஒரு லட்சம் பேசியிருக்காரு. போர் போட்டு மோட்டாரும் வெச்சுக்கலாம். மூணு வருசமா கெணத்துல தண்ணியில்ல, உங்களுக்கே தெரியும்."

சரி என்று சுபான் தலையாட்டினார். அவள் கணவர் மாதப்பன் அவருக்கு இருபத்தைந்து வருஷச் சிநேகிதர். போன ஆடியில்தான் இறந்திருந்தார்.

விற்கப்போகும் வண்டி, இரண்டு பேர் உட்காரும் எம்.ஜி. என்ற இங்கிலீஷ் கார். மதராஸ் பக்கம் பந்தயங்களில் ஓடியது. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது, புளி மண்டிக்காரரான மாதப்பன் ஆசைப்பட்டு வாங்கினார். 1965இல் தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காத லாரி ஒன்று அதை மலையோடு சேர்த்து நசுக்கியது. மாதப்பனுக்குக் கால் முறிந்தது. வண்டியில் சேசிஸும் இன்ஜினும்தான் மிஞ்சின. சுபான் நான்கு மாதம் வேறு வேலை எடுக்காமல், ஞாபகத்தை மட்டும் வைத்துக்கொண்டு தேக்குச் சட்டம் கட்டி, தகரம் அடித்து, அதை மறுபடி வண்டியாக்கினார். அதற்கு முன்னாலும் பின்னாலும் அவர் கட்டியதெல்லாம் லாரி பாடிதான்.

மறுநாள் கடத்தூரில் பெரியம்மாள் வீட்டுக்கு வந்தவர் சவுரியப்பன். பெங்களூரில் விமானத் தொழிற்சாலையில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய கார்களைத் தேடி வாங்குவது அவருக்குப் பைத்தியம் மாதிரி. சேசிஸில் பொறித்திருந்த நம்பரை ரிஜிஸ்டர் புத்தகத்தோடு ஒத்துப்பார்த்தார். இன்ஜின் நம்பரும் சரியாக இருந்தது. இன்ஜின் ஓடும் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு வண்டியைச் சுற்றி வந்து, பின்சக்கரத்தின் மேல் வளைந்து இறங்கும் மட்கார்டை உள்ளங்கையால் மெதுவாகத் தடவினார்.

"இதப் பாருங்க, எங்கயாவது ஒரு மேடு பள்ளம் தட்டுதா? வெள்ளைக்காரன் கைங்க இது. இந்த வளைவெல்லாம் நம்ம ஊர்ல எவனுக்கும் வராது."

"அது என் கைங்க" என்றார் சுபான்.

சொன்ன பிறகுதான் தாம் சொன்னது அவருக்கே உறைத்தது. பெரியம்மாள் முந்தானையை இறுகப் பிடித்தபடி நின்றாள்.

சவுரியப்பன் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். பந்தயத் திடலில் நிற்கும் அதே வண்டி. அந்த ஏற்காட்டு வெள்ளைக்காரரின் உறவினரிடமிருந்து வாங்கி வைத்திருந்தார். போட்டோவையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கதவு அகலமா இருக்கே."

"நாந்தான் கேட்டேன்" என்றாள் பெரியம்மாள், தரையைப் பார்த்துக்கொண்டே. "பழைய கதவுல சீல கட்டிக்கிட்டு ஏறி எறங்க முடியல. பாய் நாலு விரல் கூட்டி வெச்சுக் குடுத்தாரு."

சவுரியப்பன் சீட்டைத் தூக்கி, டார்ச் அடித்து உள்ளே இருந்த தேக்குச் சட்டத்தைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. "நாப்பதாயிரம் தரலாம்மா. அதுக்கு மேல முடியாதுங்க."

சுபானுக்குப் பொறுக்கவில்லை. "என்னுங்க இது நாயம்? அதே சேசிஸ், அதே இன்ஜின். இருவது வருசத்துல ஒரு எடத்துல துரு இல்ல. பழசவிட கெட்டியா இருக்கு. எப்படிங்க வெல பாதிக்கும் கீழ போகும்?"

"பாய், உங்க வேலையில ஒரு கொறையும் இல்ல. இந்த மாதிரி வண்டிய வாங்கறவன் வெறும் இரும்ப வாங்கலீங்க. இது எங்க ஓடுச்சு, யாரு ஓட்டுனாங்க, அதத்தான் வாங்கறான். அந்தப் பந்தயத்துல ஓடுன தகரம் தொப்பூரோட போயிடுச்சு. உங்க தகரம் அதவிட ஒசத்தியாவே இருக்கலாம். ஆனா அன்னிக்கு அது அங்க இல்லயே."

சுபான் மட்கார்டின் மேல் கையை வைத்தார். அவர் கையால் செய்ததிலேயே நல்ல வேலை அது. அவர் கை பட்டதால்தான் விலையும் சரிந்திருந்தது.

பெரியம்மாள் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் கழித்து வந்து, சரி என்றாள். நடந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதித் தரும்படி சவுரியப்பன் கேட்டார். விபத்து, வருஷம், பாடி கட்டியவர் பெயர், ஊர். "இந்தத் தாள் இருந்தா நாளைக்கு நான் விக்கும்போது யாரும் என்னைய சந்தேகப்பட மாட்டாங்க" என்றார். சுபான் சொல்லச் சொல்ல அவரே எழுதினார். சுபான் கையெழுத்துப் போட்டார். சாட்சியாகப் பெரியம்மாளும் போட்டாள்.

வண்டி தெருமுனை திரும்பி மறைந்ததும் அவள் கேட்டாள்: "உண்மையச் சொன்னீங்க, தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா உண்மைக்காகச் சொன்னீங்களா பாய், உங்க பேருக்காகச் சொன்னீங்களா?"

அவர் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

அந்தக் கேள்வி அவரை விடவில்லை. பட்டறையில் சுத்தியல் போடும்போதும், தொழுதுவிட்டு எழும்போதும் அது கூடவே இருந்தது. தாம் பொய் சொல்லாத மனிதர் என்று ஒருமுறை நினைத்துப் பார்த்தார். அந்தச் சமாதானம் நிற்கவில்லை. முந்தின நாள் பொய்க்குத் தலையாட்டியவரும் அவர்தானே.

வைகாசியில் கடத்தூருக்குப் போனார். போர் போட்டிருந்தார்கள். இருநூற்றைம்பது அடியில் தண்ணீர் வந்திருந்தது. மோட்டாருக்குப் பணம் போதவில்லை. குழாயின் வாயைக் கோணிச் சாக்கால் கட்டி வைத்திருந்தாள். அவரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. டீ போட்டுக் கொடுத்தாள்.

டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே அவர் சொன்னார். "பேருக்காகத்தாம்மா சொன்னேன். வெள்ளைக்காரன் கைன்னு அவரு சொன்னதும் தாங்கல. உண்மைன்னெல்லாம் அப்ப நெனைக்கவே இல்ல."

பெரியம்மாள் எதிரே உட்கார்ந்தாள்.

"எனக்கும் அப்பவே தெரியுங்க. எங்க வூட்டுக்காரரு இருந்திருந்தா உங்களுக்கு முன்னாடி அவரே சொல்லியிருப்பாரு. வூட்டுக்கு யாரு வந்தாலும் மொதல்ல உங்க கதையத்தான் சொல்லுவாரு" என்றாள். அப்புறம், "டீ ஆறுது, குடிங்க" என்றாள்.