நான்காம் கிண்ணத்துக்குக் கசக்கவில்லை

மனூசோஸ் இறந்து பதினான்கு மாதம் ஆகியும் அவருடைய குடல் சாகவில்லை. கிரீட் தீவின் ஹெராக்லியோன் நகர ஆய்வகத்தின் வெதுவெதுப்பான பெட்டிக்குள் கடுகளவு உருண்டைகளாக வளர்ந்துகொண்டிருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் அதற்கு ஊட்டத் திரவம் மாற்றுவது அவர் மனைவி ஆர்கிரோவின் வேலை. மனுஷன் உயிரோடு இருந்தபோதும் ஏறக்குறைய அதே வேலைதான். இப்போது தட்டைத் தள்ளிவிடுவதில்லை.

அவர் அங்கே குளிர்பெட்டிகளைப் பழுதுபார்த்தவர். நோயில்லாத ஆளின் குடல் தேவைப்பட்டபோது, ஒருநாள் விடுப்புக்கு ஆசைப்பட்டுத் தன் குடலின் உட்தோலில் ஒரு கிள்ளு கொடுத்தார். கிண்ணத்தில் பெயர் கிடையாது. 'நலம் 4' என்று ஒரு சீட்டு. அது யாருடையது என்பது ஆர்கிரோவுக்கு மட்டும் தெரியும். வாயைத் திறந்தால், கொடுத்தவர் யாரென்று வெளிப்பட்ட கிண்ணத்தை விதிப்படி அழித்துவிடுவார்கள். நலம் நான்கு பிறகு மாரடைப்பில் போய்ச் சேர்ந்தது எந்தச் சீட்டிலும் இல்லை.

அன்று தலைமை ஆய்வாளர் கலாத்தியா நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுத்தாள்.

"இந்த நாலாம் நம்பர் சுத்த மக்கு. மத்ததெல்லாம் கசப்பு பட்டதும் மின்னுது, இது கல்லு மாதிரி கெடக்கு. நாளைக்குக் கொட்டிடுங்க, ஆர்கிரோ."

குடலின் உட்தோலில் நூறு செல்லுக்கு ஒன்றுதான் ருசி பார்க்கும். உள்ளே வந்தது என்ன என்று நரம்புக்குக் கோள்சொல்லும் செல் அது. கோள்சொல்லும்போது பச்சையாக ஒளிரும்படி இங்கே ஏற்பாடு செய்திருந்தார்கள்.

"ஒரு மூலைல இருந்துட்டுப் போகட்டுமே, டாக்டர். என்ன எடத்தையா அடைக்குது?"

"ருசி தெரியாத குடலை வெச்சு என்ன பண்றது? ஊறுகாயா போடுறது?"

ஆர்கிரோவுக்குக் கலாத்தியா மேல் கோபம் வரவில்லை. முப்பத்தொரு வருஷம், அவள் மலைச்சரிவில் பறித்து வேகவைத்த ரதிகியா கீரையை ஒரு வாய் வைத்துவிட்டு, "இது கீரையா, உங்க அம்மா விட்ட சாபமா?" என்று கேட்ட மனிதர். கசப்பே இல்லை என்று அவளும் அத்தனை வருஷமும் சாதித்தாள். அவருக்குக் கசப்பே தெரியாதா? நாக்கு வேறு, குடல் வேறு என்பது அவள் அறியாததல்ல. ஆனாலும் மனசு ஆறவில்லை.

மறுநாள் காலை ஒரு புட்டியோடு வந்தாள். உப்பில்லை, எலுமிச்சை இல்லை. கீரை வெந்த தண்ணீர், நுண்வடிகட்டியில் இருமுறை இறக்கியது.

"கடைசியா இதுல ஒரு சொட்டு விட்டுப் பாத்துடலாம். அப்புறம் கொட்டிடறேன்."

"வீட்டுச் சமையலா? சரி, விடுங்க. செத்ததுக்கு மேல என்ன ஆகப்போகுது."

முதலில் வெறும் தண்ணீர் ஒரு சொட்டு. இருட்டு. அடுத்து கீரைத் தண்ணீர். ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி எழுந்தது. பக்கத்து உருண்டையில் இன்னொன்று. பிறகு மனூசோஸ் முழுசாக முகம் சுளித்தார்.

கலாத்தியா வெகுநேரம் பார்த்தாள். "மக்கு இல்ல இது. நம்ம புட்டியில இருக்கற கசப்பு இதுக்கு ஒறைக்கல, அவ்வளவுதான். கொட்டாதீங்க, இதைத் தனியா பாக்கணும்." ஆய்வகத்தில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று தானே போட்ட விதியை மறந்து, புட்டியில் மிச்சமிருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். "கடவுளே. இதை மனுஷன் தின்பானா?"

"தின்னாரு ஒருத்தர்," என்றாள் ஆர்கிரோ. "திட்டிக்கிட்டே."

கிண்ணம் பிழைத்தது. முப்பத்தொரு வருஷ வழக்கில் அவளுக்கு எதிரான சாட்சியத்தை அவளே வேகவைத்துக் கொண்டுவந்திருந்தாள். பெட்டிக் கதவைச் சாத்துமுன், பக்கத்தில் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டாள்.

"சரி. கசப்புதான்," என்றாள்.